ஏசிக்கு ஏன் வருஷா வருஷம் கேஸ் போடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்ததும் எந்த ஏசி வாங்கலாம், எத்தனை ஸ்டார், எத்தனை டன் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்துவிடுகிறது. உங்கள் பத்திரிகையிலும் வந்தது, படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வருஷா வருஷம் அதற்குத் தண்டம் அழுதுகொண்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், முப்பது வருஷம் வகுப்பறையில் பேசிப் பழகிய வாய்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து நடக்கிற தூரம். மாடி அறையில் 2021-ல் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று வாங்கி மாட்டினோம். முதல் கோடை ஜம்மென்று ஓடியது. 2022 சித்திரையில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தோம், ஒரு பையன் வந்தான், வெளியே இருக்கிற யூனிட்டில் ஒரு ஹோஸை மாட்டி அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தான், "கேஸ் இறங்கிடுச்சு அம்மா, ஒரு வருஷம் ஆனா இறங்கத்தானே செய்யும்" என்றான், பத்து நிமிஷத்தில் சிலிண்டரைத் திறந்து மூடினான், மூவாயிரம் ரூபாய். குளிர்ந்தது. 2023-லும் அதே கதை, வேறு பையன், மூவாயிரத்து இருநூறு. 2024-ல் கத்திரி தொடங்குவதற்கு முன்பே படுத்துவிட்டது, அப்போது மூவாயிரத்து ஐந்நூறு. எண்ணெய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி இதுவும் ஏசி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய சடங்கு போல என்றுதான் நானும் என் வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீடுகளில் விசாரித்தால் அவர்களும் "ஆமா, நாங்களும் வருஷா வருஷம் போடுறோம்" என்றார்கள். ஊரே போடுகிறது, அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது தடவை வந்தவர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். மாடி அறைக்கு ஒன்றரை டன் பத்தாது, இரண்டு டன்னுக்கு மாற்றுங்கள், பழசுக்கு நாங்களே ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று. சென்னையிலிருந்து மகளும் போனில், "தவணையில எடுத்துடும்மா, எவ்வளவு நாள் வேர்த்துட்டு இருப்பீங்க" என்றாள். கிட்டத்தட்ட வாங்கியே இருப்பேன்.

தடுத்தது எதிர்வீட்டுப் பையன். கத்தாரில் பத்து வருஷமாக ஏசி வேலை பார்க்கிறவன், 2025 ஏப்ரலில் லீவுக்கு வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "பெரியம்மா, கேஸ் என்ன பெட்ரோலா ஓட ஓடக் குறையுறதுக்கு? உங்க ஃப்ரிட்ஜ் எத்தனை வருஷமா ஓடுது? அதுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பதினாறு வயசு. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறது. ஒரு தடவைகூட யாரும் கேஸ் போட்டதில்லை. அந்தக் கேள்வி இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, அதுவும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான்.

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அறைக்குள் இருக்கும் காயிலில் கேஸ் ஆவியாகும்போது அறையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது, வெளியே கம்ப்ரசர் அதை அழுத்தி, அங்குள்ள காயில் வழியாக அந்தச் சூட்டைத் தெருவில் தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே அனுப்புகிறது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிவதும் இல்லை தீர்வதும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஓட்டைக் குடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அதற்கு மூவாயிரம் கூலியும் கொடுத்திருக்கிறோம்.

ஓட்டையை அவன் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெரிய கருவி ஒன்றும் கிடையாது. பாத்திரம் கழுவுகிற சோப்பை ஒரு கிண்ணத்தில் கரைத்து, ஸ்பாஞ்சால் நுரையை எடுத்து, வெளி யூனிட்டில் செப்புக்குழாய் வந்து சேரும் இரண்டு நட்டுகளிலும் அப்பினான். ஃப்ளேர் நட் என்கிறார்கள் அதை, குழாயின் முனையைப் புனல் மாதிரி விரித்து நட்டைப் போட்டு இறுக்குவது. பெரிய குழாயில் ஒன்றும் இல்லை. சின்னக் குழாயில் நுரை அப்படியே இருந்தது, அப்புறம் மெதுவாக ஒரு குமிழி, கடுகளவு, மிளகளவு, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. மூன்று வருஷத்தில் நான் கொடுத்த ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாயும் அந்த மிளகு வழியாகத்தான் போயிருக்கிறது. மாட்டின நாளிலேயே நட்டை அளவுக்கு மேல் இறுக்கியதில் விரித்த முனையில் கீறல் விழுந்திருக்கிறது என்றான்.

முனையை அறுத்துவிட்டுப் புதிதாக விரித்துப் போட்டான். அதோடு முடித்துவிடவில்லை. நண்பன் கடையிலிருந்து நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவந்து குழாய்க்குள் ஏற்றி, கேஜ் முள்ளை முந்நூறில் நிறுத்திவிட்டு, "காலையில பார்ப்போம்" என்று போய்விட்டான். காலையில் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. ராத்திரிக் குளிருக்கு ஒரு நூல் இறங்கும், அது லீக் இல்லை. பிறகு வாக்குவம் பம்பை மாட்டி அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடவிட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தான். கடைசியில்தான் கேஸ். அதையும் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் மட்டும் ஏற்றினான். எங்கள் மிஷினுக்கு 820. அப்படி ஒரு எண் அந்தத் தகட்டில் இருப்பதே நான்கு வருஷமாக எனக்குத் தெரியாது. முன்பு வந்த மூன்று பேரில் ஒருவரும் தராசு கொண்டுவரவில்லை, சோப்பு கேட்கவில்லை.

நான் அந்தப் பையன்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டாவது வந்த பையனுக்கு மோர் கொடுத்தபோது பேச்சுவாக்கில் சொன்னான், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது வீடு முடிக்க வேண்டுமாம், கேஸ் போட்டால்தான் அவன் கைக்கு ஏதாவது நிற்குமாம், லீக் தேடுவதற்குத் தனியாகக் காசு கிடையாதாம். எட்டு வீடு முடிக்க வேண்டியவன் எங்கே ராத்திரி முழுக்க நைட்ரஜன் நிறுத்துவான்? அவன் மொட்டைமாடிச் சுவரில் ஒரு காலும் சன்ஷேடில் ஒரு காலுமாக, இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் நின்று வேலை பார்த்தது இப்போது நினைத்தாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஐடிஐ-யில் இதற்கென்றே இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவனும், நேற்றுவரை டூவீலர் கடையில் நின்றுவிட்டு இன்றைக்கு ஸ்பானரோடு வருகிறவனும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் வாசலில் நிற்கிற நமக்கு எப்படித் தெரியும்?

தெரியாதவர்கள் கையில் இது ஆபத்தும்கூட. நைட்ரஜனுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி லீக் பார்ப்பவர்கள் உண்டு என்று எதிர்வீட்டுப் பையன் சொன்னான். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது, அழுத்தத்தில் ஆக்சிஜன் அதோடு சேர்ந்தால் வெடிக்கும். இப்போது வருகிற ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-32 கேஸும் லேசாகத் தீப்பற்றக் கூடியது, ஆர்-290 என்பது சுத்தமான புரொப்பேன், நம் அடுப்பு கேஸின் சொந்தக்காரன். இவற்றை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் பற்றவைக்கக் கூடாது. இன்னொன்று, பழைய கேஸை நட்டைத் தளர்த்தி 'புஸ்' என்று காற்றில் விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவது இங்கே சர்வசாதாரணம். ஒரு கிலோ ஆர்-32 வெளியே போனால் 675 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இன்னொரு வகை கேஸான ஆர்-410ஏ என்றால் இரண்டாயிரத்துக்கும் மேல். பழைய கேஸை அப்படி வெளியே விடாமல் தனி சிலிண்டரில் பிடித்து வைக்க மிஷின் இருக்கிறது, கத்தாரில் அது இல்லாமல் வேலைக்கு விடமாட்டார்களாம்.

சரி, டன் விஷயத்துக்கு வருகிறேன். டன் என்றால் மிஷினின் எடை என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன், மணிக்கு 12,000 பி.டி.யூ (சூட்டை அளக்கிற அலகு). ஐஸ் வைத்துக் குளிரூட்டிய காலத்து அளவு, இன்னும் அப்படியே நிற்கிறது. சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதுவே 1842 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். எதற்கோ வந்து எங்கோ போகிறேன்.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு ஒன்றரை டன்னே தாராளம். இரண்டு டன் போட்டிருந்தால் சட்டென்று அறை குளிர்ந்து மிஷின் நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. எங்கள் ஊரில் சூட்டைவிடக் கசகசப்புதான் ஆளைக் கொல்லும், குளிர்ந்த கசகசப்பு இன்னும் மோசம். அப்புறம் ஏன் குளிரவில்லை? ஒன்று, நான் சொன்ன மிளகு. இரண்டாவது, வெளி யூனிட். கடற்காற்றில் உப்பு ஏறி அதன் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்துப் பொருபொருவென்று உதிர்கின்றன, போதாததற்குப் புறா ஒன்று பின்னால் கூடு கட்டி, காற்று உள்ளே இழுக்கிற பக்கம் முழுக்கச் சுள்ளியும் இறகும். சூட்டை வெளியே தள்ளவே வழி இல்லை. இப்போது மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை ஹோஸில் மெதுவாக அடித்துக் கழுவுகிறேன், பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துக் குடம் நிரப்புகிற ஊரில் ஏசிக்குத் தண்ணீர் செலவழிப்பது மனசுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதற்குப் பரிகாரமாக உள் யூனிட்டின் குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடிக்கிறேன். ராத்திரி முழுக்க ஓடினால் அரை வாளிக்கு மேல் சேர்கிறது, தரை துடைக்கவும் செம்பருத்திக்கும் அதுதான்.

மூன்றாவது காரணம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. மொட்டைமாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி அதை அறைக்குள் கக்குகிறது. பத்து மணிக்கு மேல் கட்டிலில் நின்று கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல்லை இறக்கிவைத்த சூடு இருக்கும். அந்தச் சூட்டோடு ஏசியைச் சண்டை போடவிட்டு மின்வாரியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்து வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கி போட்டு மேலே தட்டு ஓடு பதிப்பார்கள். எங்கள் வீடு கட்டும்போது காசு பற்றாமல் அதை விட்டுவிட்டோம். இப்போது வெள்ளை ஓடு, கூலிங் பெயின்ட் எல்லாம் கிடைக்கிறது, எனக்குக் கட்டுப்படியானது சுண்ணாம்புதான். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு கோட் அடித்தோம். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிட்டது, போன வாரம்தான் மறுபடி அடித்து முடித்தேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஏசிக்கு பாயின்ட் எங்கே என்று யோசிப்பதற்கு முன்னால் மேல்தளத்தைப் பற்றி யோசித்தால் நல்லது.

கணக்கு கேட்பீர்கள். 2024 கோடையில் இரண்டு மாத பில் 740 யூனிட். 2025-ல் இதையெல்லாம் செய்த பிறகு அதே மாதங்களில் 560. ஐந்நூறுக்குள் வந்துவிடும் என்று ஆசைப்பட்டேன், வரவில்லை. 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் மாறிவிடுகிறதே, அதனால் அந்த அறுபது யூனிட் என்னை இன்னும் உறுத்துகிறது. மிஷினை 18-ல் வைக்கும் பழக்கத்தை விட்டு 26-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறோம், வீட்டுக்காரர்தான் ரிமோட்டை ஒளித்துவைக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து வந்த ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாம்தான் உடனே ரிமோட்டை எடுத்துக் கீழே கீழே அமுக்குகிறோம்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தம்பி வீட்டில் பதினான்கு வருஷத்துப் பழைய ஏசி, ஆர்-22 கேஸ். ஓசோனைக் கெடுக்கிற அந்த வகையை மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நாடு 2030-ஐ ஒட்டி ஏறக்குறைய முழுசாக நிறுத்தியாக வேண்டும், கேஸ் விலை இப்போதே கடிக்கிறது. அந்த மிஷினில் ஆர்-32-ஐ ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் வந்தாராம், அழுத்தமே வேறு, எண்ணெயும் வேறு, வாசலோடு அனுப்பிவிடு என்றேன். அவன் புதிது வாங்குவதில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் கடைக்காரர்களின் குரலும் ஏறிவிட்டது, நல்ல மிஷினையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்குகிறவர்கள் அந்தப் பத்து வருஷ வாரண்டி என்பதைக் கொஞ்சம் திருப்பிப் படியுங்கள். என் அட்டையில் அது கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், காயில், எலக்ட்ரானிக் போர்டு எதுவும் அதில் அடக்கம் இல்லை. நம் ஊரில் கம்ப்ரசர் போவதைவிட போர்டு போவதுதான் அதிகம், அதுவும் பல்லியால். அக்கா வீட்டில் வெளி யூனிட்டைத் திறந்தபோது போர்டின் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஏழாயிரம். குழாய் நுழைகிற ஓட்டையைப் புட்டி வைத்து அடைக்கப் பத்து ரூபாய்கூட ஆகாது.

கீசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அதன் காயில் மேல் கல் மாதிரி உப்பு படிந்துவிடும், அப்புறம் தண்ணீர் சூடாக அரை மணி நேரம். உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது, டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுவது. அது தீர்ந்துபோனால் டேங்க்தான் அடுத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள், மூடிய அறையில் அது விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக உங்களிடம் கேட்பது இதுதான். கோடை இணைப்பு போடும்போது விளம்பரங்களுக்கு நடுவில் கால் பக்கம் இதற்கும் ஒதுக்குங்கள். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொன்னால் "எங்கே லீக், காட்டு" என்று ஜனங்கள் கேட்கட்டும். பில்லில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எழுதித் தரச் சொல்லட்டும். லீக்கைச் சரிசெய்யாமல் கேஸ் மட்டும் போடுவதற்குக் காசு கிடையாது என்று சொல்லட்டும். லீக் தேடிச் சரிசெய்கிற பையனுக்கு அதற்கான கூலியைத் தாராளமாகக் கொடுக்கட்டும், நான் எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன், அவன் வாங்கமாட்டேன் என்றபோது அவன் அம்மா கையில் கொடுத்தேன். மிஞ்சினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்டம்தோறும் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கம்பெனிகளும் அந்தத் தகட்டில் உள்ள விவரத்தைத் தமிழில் ஒரு அட்டையாக அச்சடித்து மிஷினோடு கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேஸ் போடவில்லை, குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று மத்தியானம் அந்தப் பழைய சர்வீஸ் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், உங்க ஏசிக்கு கேஸ் போட்டு ஒரு வருஷம் தாண்டிடுச்சு, கோடைச் சலுகையா ஐந்நூறு ரூபாய் குறைச்சுத் தர்றோம், எப்போ ஆள் அனுப்பட்டும்?" என்றாள். வரும்போது ஒரு தராசும் கொண்டுவரச் சொல்லு கண்ணு என்றேன். புரியவில்லை அவளுக்கு, "என்ன மேடம்?" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தூத்துக்குடி.